நிரப்பி வைத்த மேகசினும் அதன் சுருள்வில்லும்

துப்பாக்கியின் மேகசினில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளுவது அடியில் இருக்கும் சுருள்வில். நிரப்பிய மேகசினில் அந்த வில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் அமுங்கியே கிடக்கிறது. அப்படிக் கிடந்தால் அதன் விசை போய்விடுமா என்ற ஐயம் நெடுநாளாக உண்டு.

1860-இல் அமெரிக்காவில் உருவான ஸ்பென்சர், ஹென்றி துப்பாக்கிகளில் மேகசின் ஒரு குழாயாக இருந்தது. ஸ்பென்சரின் பின்கட்டைக்குள் 7 தோட்டாக்களும், ஹென்றியின் சுடுகுழலுக்கு அடியில் 16 தோட்டாக்களும் அடங்கின. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ 1879-இல் கழற்றி மாட்டும் பெட்டி மேகசினுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் தாங்கிய லீ-என்ஃபீல்டு 1895-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. பிற்காலத்தில் வங்காளத்தின் இஷாப்பூரிலும் தயாரானது. தொடக்ககால லீ-என்ஃபீல்டில் மேகசினை மறிக்கும் தகடு ஒன்று உண்டு. வீரர் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டுச் சுடுவார். மேகசினில் உள்ள 10 தோட்டாக்கள் நெருக்கடி நேரத்துக்காகக் காத்திருக்கும். ஆக, மேகசினை நிரப்பியே வைப்பது அந்த வடிவமைப்பின் நோக்கங்களுள் ஒன்று.

வில்லின் இயல்பை ராபர்ட் ஹூக் 1678-இலேயே விளக்கியிருந்தார்: விசை கூடும் அளவுக்கு நீட்சியும் கூடும். மீட்சி எல்லையைத் தாண்டாத வில், விசையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைச் சோதித்து, மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் சுமையே உலோகத்தைச் சோர்வடையச் செய்கிறது என்று காட்டினார். அசையாமல் நிற்கும் சுமை அவ்வகைச் சோர்வைத் தருவதில்லை. நெடுநாள் அமுங்கிய வில் சிறிது விசை இழப்பது உண்மைதான். ஆனால் நல்ல வில் எஃகில், சாதாரண வெப்பநிலையில், அந்த இழப்பு சொற்பம். அதிலும் பெரும்பகுதி தொடக்கத்திலேயே நிகழ்ந்து, பிறகு நிலைத்துவிடும்.

போர்க்களப் பழக்கம் ஐயத்தை வளர்த்தது. இரண்டாம் உலகப் போரின் ஸ்டென் துப்பாக்கியில் 32 தோட்டாக்கள் கொள்ளும் மேகசினைப் பலர் முழுமையாக நிரப்பவில்லை. வியட்நாம் போரில் எம்-16 துப்பாக்கியின் 20 தோட்டா மேகசினில் 18 மட்டுமே இடுவது வழக்கமாக இருந்தது. இறுக நிரப்பினால் தோட்டா சிக்கும் என்ற அச்சமே இதற்குக் காரணம். சிறிய பெட்டியில் அதிகத் தோட்டாக்களைத் திணிக்கும் மேகசின்களில் வில் மீட்சி எல்லையை நெருங்குவதால், அங்கே தேய்மானமும் கூடும்.

மேல் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் வாய் விளிம்புகளும் வில்லின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. அவை வளைந்தாலோ விரிந்தாலோ, வில் நன்றாக இருந்தும் தோட்டா சிக்கும். பிளாஸ்டிக் மேகசின்கள் பரவியபோது இந்தக் கவலை கூடியது. மேக்புல் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த மேகசினுடன், மேல் தோட்டாவைச் சற்றே அழுத்தி விளிம்பின் சுமையைக் குறைக்கும் மூடியும் வந்தது.

தரமான எஃகில், உரிய அளவில் செய்த வில் நிரப்பி வைப்பதால் மட்டும் கெட்டுப்போவதில்லை. அதைத் தேய்ப்பவை அடிக்கடி நிரப்பிக் காலி செய்வதும், அளவுக்கு மீறி அமுக்குவதும், துருவுமே.