கோயிலுக்கு வெளியே நின்ற கொட்டு



ஆடி பிறந்துவிட்டால் நம் பகுதியில் கொட்டுச் சத்தத்துக்குக் குறைவே இல்லை. சங்கரன்கோவிலில் தபசு, அதைத் தொட்டு ஊர் ஊராகக் கொடை, நம் ஆலயங்களில் கொடியேற்றம், சப்பரம். பனவடலிசத்திரம் ரோட்டில் தவிலும் பம்பையும் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் போனால், எந்த ஊருக்கு நையாண்டி மேளம் போகிறது என்று சின்னப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அந்த வேனுக்குள் உட்கார்ந்து போகிறவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஆனால் அதற்கு முன் கடல் தாண்டி ஓர் ஊருக்குப் போய்விட்டு வர வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு நகரம். பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் ஆண்ட ஊர். கத்தோலிக்கப் பழக்கவழக்கம் ஊறிப்போன ஊர். அங்கே ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளுக்கு ஞாயிறு ஒருநாள் ஓய்வு. 1817இல் நகராட்சி ஒரு விதி போட்டது: அடிமைகள் ஆடுவதும் கொட்டுவதும் ஊருக்கு ஓரத்தில் ஒரே ஒரு திடலில்தான் நடக்க வேண்டும். காங்கோ சதுக்கம் என்று பின்னாளில் பெயர்பெற்ற இடம் அதுதான். ஊருக்கு ஓரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு வேறொரு இடம் நினைவுக்கு வந்திருக்கும். வரட்டும்.

அந்தத் திடலாவது கிடைத்தது. தென் கரோலினாவில் அதுவும் இல்லை. 1739இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களைச் சேர்த்தது கொட்டுச் சத்தம் என்று எசமானர்கள் கண்டுகொண்டார்கள். அடுத்த ஆண்டே அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடை செய்து சட்டம் வந்தது. கொட்டைப் பறித்தால் கை இருக்கிறதே! கைதட்டியும் காலால் தரையை மிதித்தும் தாளத்தைக் காப்பாற்றினார்கள். கறுப்பின மக்களின் ஆலயங்களில் இன்றைக்கும் பாடல் தொடங்கினால் சபை முழுவதும் கைதட்டி அசைவதற்கு இப்படி ஒரு வரலாறு உண்டு.

நியூ ஆர்லியன்ஸில் இன்னொரு வழக்கம். ஒருவர் இறந்தால் பித்தளை வாத்தியக்காரர்கள் முன்னே போவார்கள். கல்லறைக்குப் போகும் வழியில் மெதுவான ஞானப்பாடல்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே வாத்தியங்கள் துள்ளலாக மாறும். பின்னால் வருகிற கூட்டம் குடையை விரித்து ஆடும். 1901இல் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் போன்ற ஜாஸ் மேதைகள் இந்த ஊர்வலங்களின் பின்னால் ஓடி வளர்ந்த பிள்ளைகள்தான். இழவு வீட்டில் கொட்டு அடிப்பதும், தேர்மாலைக்கு முன்னே ஆடிப் போவதும் நமக்கு மட்டுமே உரிய பழக்கம் என்று வெட்கப்படுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இப்போது ஒரு போதகரின் மகன். தாமஸ் டோர்சி, 1899இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். கேளிக்கை விடுதிகளில் பியானோ வாசித்துப் பிழைத்தார்; 1928இல் அவர் கூட்டாகப் பதிவு செய்த கொச்சையான பாட்டு ஒன்று ஏராளமாக விற்றது. அதே மனிதர் பக்திப் பாடல்களையும் எழுதினார். ஆனால் விடுதியில் வாசித்த அதே ப்ளூஸ் மெட்டில். சிகாகோவின் பெரிய ஆலயங்கள் கதவைச் சாத்தின. சாராயக்கடை மெட்டு சாமி முன்னால் வரலாமா என்று கேட்டார்கள். 1932இல் அவர் வெளியூரில் பாடப் போயிருந்தபோது பிரசவத்தில் மனைவி இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துயரத்திலிருந்து பிறந்த பாடல், ஆண்டவரே என் கையைப் பிடித்துக்கொள்ளும் என்ற மன்றாட்டு. காஸ்பல் இசையின் தந்தை என்று இன்று உலகம் அவரைத்தான் சொல்கிறது.

அவருடைய பாடல்களை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர் மஹேலியா ஜாக்சன். நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, சிகாகோவில் துணி துவைத்து, வீட்டு வேலை செய்து வயிறு வளர்த்தவர். உடம்பை அசைத்துப் பாடுகிறாள், மரியாதை இல்லை என்று சபைக்குள்ளேயே அவருக்கு ஏச்சு கிடைத்தது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் எழுதி வைத்த உரையைப் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பக்கத்திலிருந்து குரல் கொடுத்தவர் இந்த அம்மாதான். கிங் தாளை விட்டுவிட்டுப் பேசிய பகுதியைத்தான் உலகம் மனப்பாடம் செய்திருக்கிறது. 1971இல் மஹேலியா இந்தியாவுக்கும் வந்து பாடினார்.

சரி, நம் மண்ணுக்கு வருவோம். நம்மவர் கதை இதைவிடச் சிக்கலானது.

பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரை நம் பிரிந்த சகோதர சபையார் நன்கு அறிவார்கள். குற்றாலக் குறவஞ்சி புகழ்பெற்றிருந்த காலத்தில், அதே கூத்து வடிவத்தை எடுத்து 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறத்தி வந்து குறி சொல்கிற தெருக்கூத்தில் கிறிஸ்துவைப் பாடுவதற்குத் துணிச்சல் வேண்டும். பின்னாளில் வந்த மிஷனரிகள் தமிழ் இசைக்குத் தடை போட முயன்றபோது எதிர்த்து எழுதினார். ஆனால் அதே எழுத்தில், ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தையும் விட்டுத்தர முடியாது என்று வாதாடினார். தமிழ்ப் பாட்டு உள்ளே வரலாம், பறையடிக்கிற மனிதன் சமமாக உட்காரக் கூடாது! நாம் சிரிக்க உரிமையில்லை. வடக்கன்குளத்தில் 1872இல் நம் கத்தோலிக்க ஆலயத்தையே இரண்டு கால்களாகப் பிரித்து, நடுவில் சுவர் வைத்துக் கட்டினோம். 1910இல்தான் சேசு சபைக் குருக்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். அதற்காக வழக்கும் கலவரமும் பார்த்தார்கள்.

இப்படித்தான் கீர்த்தனை கோயிலுக்குள் வந்தது, ஆர்மோனியம் வந்தது, வயலின் வந்தது. கும்மியும் ஒப்பாரியும் பறையும் வாசலோடு நின்றன. தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம் இவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகிறார். அவ்வளவு பழைய கருவி அது.

வாசலைத் திறந்தவர்களில் ஒருவரை நான் மிகவும் மதிக்கிறேன். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த அருட்திரு தியோபிலஸ் அப்பாவு, 1940 முதல் 2005 வரை வாழ்ந்தவர். தென்னிந்தியத் திருச்சபைக் குருவானவர். சிலும்பிய தலைமுடியோடு திரிவதால் பரட்டை அண்ணன் என்றே மாணவர்களுக்குப் பழக்கம். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் தெரிந்தவர். தெரிந்துகொண்டே நாட்டுப்புற மெட்டைத் தேர்ந்தெடுத்தார். வழிபாட்டு முறை ஒன்றை முழுக்கக் கிராமிய இசையில் அமைத்தார். கடவுளை அவர் அழைத்த சொல் ‘பெத்தவரே’. அதில் அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதுதான் நற்கருணை என்று கற்பித்தார்.

அவர் சொன்னதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இது. எழுதி இறுக்கிவிட்ட பாட்டை மாற்ற முடியாது. நாட்டுப்புறப் பாட்டை, பாடுகிற எவரும் தன் ஊருக்கும் தன் துன்பத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தன் பாடல்களையே கிராமத்துப் பெண்கள் மாற்றிப் பாடினால் மகிழ்ந்தாராம் மனிதர். ஜாஸ் வாசிப்பவர்களின் அடிப்படைப் பாடமும் இதுவே: மெட்டு ஒன்று, வாசிப்பு அந்தந்த இரவுக்குப் புதிது. ஆகவே இவர்களையெல்லாம் புத்தகத்தில் படித்து ரசிக்க முடியாது. கேட்க வேண்டும், அதுவும் வாசிக்கும்போது கண்ணால் பார்க்க வேண்டும்.

பறையடிப்பவரைப் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறீர்களா? மரச்சட்டத்தில் தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். வாசிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டுவார்கள். அனல் பட்டால்தான் தோல் விறைத்துச் சத்தம் கணீரென்று எழும்பும். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மறு கையில் நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சி. ஒன்று நடுவில் அதிர, மற்றது ஓரத்தில் பொரியும். தோளில் தொங்கவிட்டு ஆடிக்கொண்டே அடிக்க வேண்டும். சாமிக்கு ஓர் அடி, சப்பரத்துக்கு ஓர் அடி, மாரடிப்புக்கு ஓர் அடி. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி தனி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் என் பேச்சு பொய்யாகிவிடும். இந்தக் கலையைப் பாராட்டுகிற நாம், இதை அடிக்கும்படி ஒரு சாதியைக் கட்டாயப்படுத்தி வைத்திருந்த வரலாற்றை மறந்துவிடுகிறோம். இழவுக்கும் கொடைக்கும் அழைத்தால் வரவேண்டும், வராவிட்டால் அடி என்ற நிலை பல ஊர்களில் இருந்தது. அதனால்தான் எத்தனையோ இளைஞர்கள் இனி கொட்டு அடிக்க மாட்டோம் என்று குச்சியைக் கீழே போட்டார்கள். 137ஆம் திருப்பாடலை நினைத்துப் பாருங்கள். சிறைபிடித்துக்கொண்டு போனவர்கள், எங்களுக்காக ஒரு பாட்டுப் பாடு என்று கேட்கிறார்கள். இஸ்ரயேலர் யாழைக் கிளையில் தொங்கவிடுகிறார்கள். அந்த மறுப்பும் திருநூலில் இருக்கிறது. நம் பிள்ளைகள் மறுத்ததைக் கலை அழிகிறது என்று மட்டும் புலம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. மறுத்தவர்களின் தம்பிகளும் தங்கைகளும் இன்று அதே பறையை விருப்பத்தோடு, மேடையில், தலைநிமிர்ந்து அடிக்கிறார்கள். விடுதலைப் பயண நூலில் கடலைக் கடந்தபின் மிரியாம் கையில் எடுத்த கொட்டு அது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகவே 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

நாதஸ்வரக்காரர்களின் மரியாதைக்கும் இப்படி ஒரு போராட்டம் உண்டு. சட்டையில்லாமல் நின்றுகொண்டே வாசித்த காலத்தில், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். அவருடைய மாணவர் நம் மாவட்டத்து மண்ணின் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சியாரின் நாதஸ்வரமும் ஆபேரியில் ஒன்றையொன்று துரத்துகின்றனவே, அதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து இன்னொரு முறை கேளுங்கள். எது குரல், எது குழல் என்று சில இடங்களில் தடுமாறும். இரண்டே ஆண்டுகளில், 1964இல் அவர் மறைந்துவிட்டார்.

நம் திருச்சபை என்ன சொல்கிறது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, 119ஆம் எண்ணில், மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குத் தங்கள் சொந்த இசை மரபு உண்டு, அதற்கு உரிய மதிப்பும் இடமும் தர வேண்டும் என்கிறது. ஏடு வந்து அறுபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. கீபோர்டில் கொட்டுச் சத்தத்துக்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்குகிறோம். கொட்டுக்காரர் மட்டும் கொடிமரத்தோடு நின்றுவிடுகிறார்.

மேரி லூ வில்லியம்ஸ் என்ற ஜாஸ் பியானோ கலைஞர் 1957இல் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். அதற்கு முன்பே இசையை விட்டுவிட்டு, செபமும் ஏழைகளுக்கு உதவியுமாக இருந்தார். வாசிப்பதும் செபம்தான் என்று சொல்லி, அவரை மறுபடி பியானோ முன் உட்கார வைத்தவர்கள் குருக்கள். 1962இல் புனிதர் பட்டம் பெற்ற மார்ட்டின் தெ போரஸ் பெயரில் ஒரு பாடல் அமைத்தார். 1975இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் அவருடைய ஜாஸ் இசையோடு திருப்பலி நடந்தது. விடுதிகளில் வாசித்த அதே கைகள்.

நம் திருவிழா அழைப்பிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கொடியேற்றும் குரு பெயர், மறையுரையாற்றும் குரு பெயர், நாள்வாரி உபயதாரர் பெயர், பந்தல், ஒலி ஒளி அமைப்பு எல்லாம் இருக்கும். மேளம் அடிப்பவர்களுக்கு மட்டும் பெயர் இராது. இந்த ஆண்டு அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தக் குழுவினரின் பெயர்களைக் கேட்டு எழுதி வரும்படி திருவிழாக் குழுவிடம் சொல்லியிருக்கிறேன். அசனத்தன்று அவர்கள் முதல் பந்தியில் நம்மோடு உட்காருவார்கள். பேசிய பணம் சப்பரம் கிளம்புவதற்கு முன்பே கையில் கொடுக்கப்படும்.