உள்ளே போக ஒரு கையெழுத்து

திண்டிவனத்துப் பெரியம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இரண்டு முறை கீழே விழுந்து, அடுப்பை அணைக்க மறந்து, இனித் தனியாக விட முடியாது என்றான பிறகு அண்ணனும் நானும் ஒரு முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பம் வாங்கப் போனோம். நான்கு பக்கப் படிவம். கொண்டுவந்து சேர்ப்பவர் யார், என்ன உறவு, மாதப் பணம் யார் கட்டுவது, இறந்துபோனால் யாருக்குச் சொல்வது, எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் அண்ணன்தான். பெரியம்மாவின் சம்மதத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. எவ்வளவு நாளைக்கு என்ற கேள்வியும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா கேட்டாள்: “எத்தினி நாளைக்கின்னு எழுதினியா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை எழுத வந்தது.

நம் பக்கத்தில் ஆதரவற்றவருக்கு முதலில் இருந்த இடம் சத்திரம். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் உள்ளிட்ட தஞ்சைச் சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். வழிப்போக்கருக்குச் சோறு உண்டு. நோய்ப்பட்டவருக்கு வைத்தியமும் பத்தியமும் உண்டு. குணமானால் மரியாதையாக அனுப்பிவைப்பார்கள். வாசல் இரண்டு பக்கமும் திறந்திருந்தது. சென்னையில் ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில் 1782-இல் தொடங்கிய கஞ்சித்தொட்டிதான் மணியக்காரர் சத்திரம் ஆனது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேரும் அதுவே. பசித்தவன் வந்தான், தின்றான். யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

கையெழுத்தைக் கொண்டுவந்தது சித்தம் கலங்கியவர்களுக்கான சட்டம். 1858-லும் பிறகு 1912-லும் வந்த சட்டங்களின்படி, உறவினர் மனுக் கொடுக்கலாம், தெருவில் திரிபவரைப் போலீஸ் பிடித்து வரலாம், மருத்துவர் சான்று தரலாம், மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். எல்லோரும் பேசினார்கள், உள்ளே போகிறவரைத் தவிர. ஆனால் அந்தக் காலனியச் சட்டத்திலும் ஒரு நல்ல விஷயம் இருந்தது. வெளியாட்கள் சிலரைப் பார்வையாளர்களாக நியமித்து, அவர்கள் மாதம் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார்கள். பூட்டுகிற சாவியோடு எட்டிப் பார்க்கிற கண்ணும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1987-இல் வந்த மனநலச் சட்டம், உரிமம் இல்லாமல் மனநல மருத்துவமனை நடத்தக் கூடாது என்றது. ஆனால் தர்காவைச் சுற்றிய கீற்றுக் கொட்டகையை மருத்துவமனை என்று யார் சொல்வது? 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடியில் அப்படி ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் அடையாளம் இல்லாத எதிரிகள் அல்லர். வேறு வழி தெரியாத அப்பா, அம்மா, அண்ணன், தம்பிகள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த இல்லங்கள் மூடப்பட்டன.

2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் உள்ளே இருப்பவர் பக்கம் நின்று பேசிய முதல் சட்டம் என்பேன். சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் அது தடை செய்கிறது. தானாகச் சேர்ந்தவர் பொதுவாகத் தானாகவே வெளியேறலாம். பிறர் துணையோடு சேர்க்கப்பட்டவரை முதலில் 30 நாள் வரைதான் வைத்திருக்கலாம். அதற்கு மேல் என்றால் மறுபடி பரிசோதனை, மறுஆய்வு வாரியத்தின் அனுமதி. குடும்பம் இல்லை, வீடு இல்லை, வீட்டார் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை அங்கேயே வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பெரியம்மா கேட்ட கேள்வி அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது.

முதியோர் இல்லத்தின் கதை வேறு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி, வறிய முதியோருக்கு இல்லம் அமைக்கலாம் என்கிறது. அமைக்கலாம், அவ்வளவுதான். அதையொட்டி மத்திய அரசு தயாரித்த மாதிரி விதிகளில் சேர்க்கை முறை விரிவாகவே உண்டு. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் மிக வறியவருக்கு முதலிடம், மற்றவை சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு, ஆணைவிடப் பெண்ணுக்கு முன்னுரிமை. சாதி, மதம் பார்க்கக் கூடாது. எழுதத் தெரியாதவரை, மிகவும் தளர்ந்தவரை விண்ணப்பம் இல்லாமலே சேர்க்கலாம். படிக்க மனம் நிறைகிறது. ஆனால் அக்கறை எல்லாம் உள்ளே வரும் வாசலில். எத்தனை நாளைக்கு ஒருமுறை அவரிடம் திரும்பக் கேட்பது, வேறு ஊருக்கு மாற்றினால் யாரிடம் சொல்வது என்ற பக்கம் மெலிந்து கிடக்கிறது.

அந்த மெலிந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதை எங்கள் மாவட்டமே பார்த்தது. விக்கிரவாண்டி வட்டம் குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு முதியவரைத் தேடி வந்தவருக்கு, அவரை பெங்களூரில் வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் கிடைத்தது. அங்கேயும் ஆள் இல்லை. ஆட்கொணர்வு மனு சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தபோது 140-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். தேவையான உரிமம் இல்லை என்றார்கள். அடி, கட்டிவைத்தல், பாலியல் வன்முறை என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். எனக்கு உறுத்துவது வேறு. ஓர் ஆள் உள்ளே போனதற்குச் சாட்சி இருக்கிறது, வெளியே போனதற்கு இல்லை. தேடுவதற்கு ஒருவர் இருந்ததால்தான் இது தெரியவந்தது. தேட ஆளில்லாதவர்கள்தானே இப்படிப்பட்ட இடங்களில் அதிகம்?

எல்லா இல்லங்களும் அப்படி அல்ல. நாங்கள் பார்த்த இடம் சுத்தமாக இருந்தது, சாப்பாடு நன்றாக இருந்தது, மேலாளர் பாட்டிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஆனால் நல்ல மனிதர் இருக்கிறார் என்பது ஒரு விதி ஆகாது. அவர் நாளைக்கு வேலை மாறிப் போகலாம்.

மறுவாரம் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. ‘மூன்று மாதத்துக்கு. பிறகு இவரிடமே கேட்டு முடிவு செய்யப்படும். சொல்லாமல் வேறிடம் மாற்றக் கூடாது’ என்று எழுதி, பெரியம்மாவிடம் பேனாவைக் கொடுத்தேன்.

மேலாளர் படித்துப் பார்த்தார். “இப்டி யாரும் எழுதினதில்ல சார். எழுதக் கூடாதுன்னும் ரூல் இல்ல. இருக்கட்டும்.”

பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, “தேதி போடுடா, இல்லாட்டி மூணு மாசம் எங்கேருந்து எண்றது?” என்றாள்.