காரைப் பார்க்காதீங்க, ஓரத்தைப் பாருங்க! - ரேஸ் ட்ராக்குகளின் குணம் தெரியுமா?

போனில் ரேஸ் பார்க்கும்போது எல்லா ட்ராக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். கறுப்புத் தார், ஓரத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டை, நடுவில் சீறிப் பாயும் கார்கள். 'இதுல மொனாக்கோ என்ன, பஹ்ரைன் என்ன... எல்லாம் ஒண்ணுதானே?' என்று கேட்கிற ஃப்ரெண்டு உங்கள் கேங்கிலும் ஒருத்தர் இருப்பார். அடுத்த முறை அவரிடம் ட்ராக்கின் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டிரைவர் ஒரு சின்னத் தப்பு செய்தால் கார் எங்கே போய் நிற்கும்? சுவரிலா, ஜல்லியிலா, காட்டிலா, இல்லை இன்னொரு தார்ப் பரப்பிலா? ஒரு சர்க்யூட்டின் குணம் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

மொனாக்கோவில் இருந்தே ஆரம்பிக்கலாம். மொத்தம் 3.337 கி.மீ. தினமும் மக்கள் கார் ஓட்டும், பஸ் போகும் அதே தெருக்கள்தான். ரேஸ் நாளில் இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு வைத்துவிடுவார்கள். கார் உறிஞ்சிக்கொண்டு போய்விடக் கூடாது என்று சாக்கடை மூடிகளைக்கூட இறுக்கிப் பூட்டுவார்கள். இங்கே இருக்கும் ஹேர்பின் வளைவுதான் ஃபார்முலா 1-லேயே ரொம்ப ஸ்லோவான வளைவு. வேகம் மணிக்கு 50 கி.மீ-கூட இருக்காது, நம்ம ஊர் ஸ்கூட்டர் வேகம்தான். அந்த ஒரு வளைவில் திரும்புவதற்காகவே ஸ்டீயரிங் அமைப்பை மாற்றிக்கொண்டு வருவார்கள் டீம்கள்.

ஸ்லோதானே என்று நினைத்தால் அவ்வளவுதான். இங்கே தப்புக்கு இடமே கிடையாது. 1988-ல் அயர்ட்டன் சென்னா, தகுதிச் சுற்றில் தன் டீம்மேட் அலன் ப்ரோஸ்ட்டைவிட 1.4 விநாடி வேகமாகப் போனார். ஃபார்முலா 1-ல் அது ஒரு யுகம். ரேஸிலும் பெரிய இடைவெளியில் முதலிடம். ஜெயிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. போர்ட்டியே வளைவில் ஒரு நொடி கவனம் சிதறியது, தடுப்பில் இடித்தார், ரேஸ் முடிந்தது. அதே மொனாக்கோவில் ஆறு முறை ஜெயித்தவர் அவர்! 1996-ல் மழை பெய்தபோது இன்னும் கூத்து. இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் கிளம்பி, கொடி விழும்போது ஓடிக்கொண்டிருந்தவை மூன்றே மூன்று. 14-வது இடத்தில் இருந்து கிளம்பிய ஒலிவியே பனீஸ் ஜெயித்தார். சாதாரண நாள்களில் இங்கே ஓவர்டேக் செய்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் எனக்கு மொனாக்கோவில் சனிக்கிழமை தகுதிச் சுற்றுதான் நிஜமான ரேஸ். ஞாயிற்றுக்கிழமை பல வருடங்களில் ஊர்வலம்.

சுவர் என்றதும் நம்ம ஆள் ஒருத்தர் ஞாபகம் வருகிறார். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஜோர்டான் டீமில் ஓட்டினார். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் ட்ராக்கில் 13-வது வளைவு மட்டும் விசேஷம். அது பழைய ஓவல் ட்ராக்கின் சாய்வான பகுதி. முழு வேகத்தில் போகும்போது டயரின் பக்கவாட்டில் பயங்கர அழுத்தம் விழும், வெளியே கான்க்ரீட் சுவர். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் மிஷெலின் டயர் அங்கே போய், கார் சுவரில் மோதியது. 'எங்கள் டயர் அந்த வளைவைத் தாங்கும் என்று உத்தரவாதம் தர முடியாது' என்ற நிலைக்கு வந்துவிட்டது மிஷெலின். ஞாயிற்றுக்கிழமை 20 கார்கள் ஃபார்மேஷன் லேப் போய்விட்டு, 14 கார்கள் அப்படியே பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ரேஸ் ஓட்டின. நரேன் நான்காவது இடம், 5 பாயின்ட். ஃபார்முலா 1-ல் ஓர் இந்தியர் எடுத்த முதல் பாயின்ட்கள் அவை. ஒரே ஒரு வளைவின் குணத்தை டயர் கம்பெனி தப்பாகக் கணித்ததால் ஒரு ரேஸே கவிழ்ந்தது!

அடுத்தது ஸ்பா. முழுப் பெயர் ஸ்பா ஃப்ராங்கோஷாம்ப்ஸ், பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுக்குள் இருக்கிறது. அஜித் குமாரின் டீம் 2025 ஏப்ரலில் ஓட்டியது இங்கேதான். 7.004 கி.மீ, இப்போதைய ஃபார்முலா 1 ட்ராக்குகளில் இதுதான் நீளம். உச்சிக்கும் அடிக்கும் 100 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். ட்ராக் இவ்வளவு பெருசாக, மலைக்காட்டில் இருப்பதால் ஒரு முனையில் மழை கொட்டும், இன்னொரு முனையில் ரோடு காய்ந்து கிடக்கும். எந்த டயர் போடுவது என்று டீம்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும். நீளமான நேர்ப்பாதைகள் என்பதால் காற்றைக் கிழிக்கிற கார் இங்கே ராஜா. அதற்கு முன்பு ஒரு பாயின்ட்கூட எடுக்காத ஃபோர்ஸ் இந்தியா டீம், 2009-ல் ஸ்பாவில் போல் பொசிஷன் எடுத்து, ரேஸில் இரண்டாவதாக வந்தது. ஓட்டியவர் ஃபிஸிகெல்லா.

ஸ்பா என்றால் எல்லோரும் சொல்வது ஓ ரூஜ். அது அங்கே ஓடும் ஓடையின் பெயர். அதைத் தாண்டியதும் சுவர் மாதிரி எழும் ஏற்றத்துக்குப் பெயர் ரேடியோன். மேலே என்ன இருக்கிறது என்று கீழே இருந்து தெரியாது. தெரியாமலேயே முழு ஆக்சிலரேட்டரில் ஏற வேண்டும். டிவி கேமரா அந்த ஏற்றத்தைத் தட்டையாக்கிவிடும், பாதிதான் நமக்குத் தெரியும்.

அழகு மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். 1966-ல் ஸ்பா, பொதுச் சாலைகளைச் சேர்த்து 14 கி.மீ இருந்தது. முதல் லேப்பிலேயே மழை. ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் ட்ராக்கை விட்டுப் பறந்தது. பெட்ரோல் கசிந்து உடலை நனைக்க, நசுங்கிய காருக்குள் சுமார் 25 நிமிடம் மாட்டிக்கொண்டிருந்தார். சக டிரைவர்கள் வந்து, பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பேனர் கடன் வாங்கி ஸ்டீயரிங்கைக் கழற்றித்தான் வெளியே எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஸ்டூவர்ட் தன் காரிலேயே ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார். ட்ராக் பாதுகாப்புக்காக அவர் ஆரம்பித்த சண்டைக்கு அப்போது கோழை என்ற பெயர்கூடக் கிடைத்தது. இன்றைய தடுப்புகள், டாக்டர்கள், ஹெலிகாப்டர் எல்லாம் அந்தச் சண்டையில் வந்தவை. அப்படியும் 2019-ல் ஃபார்முலா 2 டிரைவர் ஆன்துவான் யூபேர் அதே ரேடியோனைத் தாண்டிய இடத்தில் உயிரிழந்தார். 2022-ல் அந்தப் பகுதியை அகலப்படுத்தினார்கள்.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபதான் எல்லாவற்றுக்கும் பெரியண்ணன். 1927-ல் திறந்தது, 20.832 கி.மீ. ஐஃபெல் மலைக்காட்டைச் சுற்றி வரும். 'பச்சை நரகம்' என்று பெயர் வைத்ததும் ஸ்டூவர்ட்தான். 1976-ல் மழை மிரட்டியபோது, 'ரேஸ் வேண்டாம்' என்று நிக்கி லாடா மற்ற டிரைவர்களிடம் பேசிப் பார்த்தார். வாக்கெடுப்பில் தோற்றார். அந்த ரேஸிலேயே அவர் கார் தீப்பிடித்தது. காப்பாற்றியது பின்னால் வந்த டிரைவர்கள். அவ்வளவு நீளமான ட்ராக்கில் எல்லா இடத்திலும் ஆம்புலன்ஸை நிறுத்துவது சாத்தியமே இல்லை. ஆறே வாரத்தில் மோன்ஸாவில் கட்டுகளுடன் வந்து லாடா நான்காவது இடம் பிடித்தார். ஆனால் ஃபார்முலா 1 அந்தக் காட்டுக்குத் திரும்பவே இல்லை.

சுவாரஸ்யம் என்னவென்றால், நீங்கள் போகலாம்! டிக்கெட் எடுத்து சொந்தக் காரில் ஓட்டலாம். டோல் ரோடு மாதிரிதான், போக்குவரத்து விதிகள் உண்டு. தடுப்பில் இடித்தால் அதற்கான பில் உங்கள் கைக்கு வரும்.

ஜப்பானின் சுஸூகா, ஹோண்டா தன் வண்டிகளை டெஸ்ட் பண்ண 1962-ல் கட்டியது. 8 வடிவத்தில், தன்மேலேயே பாலம் போட்டுத் தாண்டிப் போகும் ஒரே ஃபார்முலா 1 ட்ராக். மோன்ஸா வேகத்துக்கு. 2025-ல் அங்கே ஜெயித்த வெர்ஸ்டாப்பனின் சராசரி வேகமே மணிக்கு 250 கி.மீ-க்கு மேல்.

இனி புது ட்ராக்குகள். செபாங், பஹ்ரைன், ஷாங்காய், அபுதாபி, நம்ம கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட் என எல்லாமே ஹெர்மன் டில்கே வடிவமைத்தவை. புத், 5.125 கி.மீ. 2011 முதல் 2013 வரை மூன்று ரேஸ், மூன்றிலும் வெட்டல்தான். டில்கே ட்ராக்குகளை 'சோல் இல்லை' என்று கலாய்ப்பது ஃபேஷன். எனக்கு அது பாதிதான் சரி. புத் ஏற்ற இறக்கத்தோடு நல்ல ட்ராக். சிக்கல் ஓரத்தில் இருக்கும் அகலமான தார்ப் பரப்பில். தப்பு செய்தால் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப வந்துவிடலாம். உயிருக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் தப்புக்கு விலையே இல்லாதபோது டிரைவர்கள் கோட்டைத் தாண்டியே ஓட்டுவார்கள்.

2023 ஆஸ்திரியாவில் அதுதான் நடந்தது. கோட்டைத் தாண்டியதாகச் சந்தேகப்பட்டுப் பரிசோதிக்க வேண்டிய சம்பவங்கள் மட்டும் 1,200-க்கு மேல். ரேஸ் முடிந்து பல மணி நேரம் கழித்து பெனால்ட்டி மேல் பெனால்ட்டி. நான்காவதாக வந்த கார்லோஸ் சைன்ஸ் ஆறாவதாக இறங்கினார். அடுத்த வருடம் என்ன செய்தார்கள் தெரியுமா? புது சாஃப்ட்வேரோ, கூடுதல் கேமராவோ பெரிய வேலை செய்யவில்லை. கடைசி இரண்டு வளைவுகளின் ஓரத்தில் குறுகலாக ஒரு ஜல்லிப் பட்டை போட்டார்கள். கோட்டைத் தாண்டினால் சக்கரம் ஜல்லியில் இறங்கும், நேரம் போகும், கார் அடிபடும், ஆனால் யாரும் சுவரில் மோத மாட்டார்கள். அந்த வளைவுகளில் பஞ்சாயத்து பெரும்பாலும் அடங்கிவிட்டது.