முரளி நம்ம ஆளா?

நோர்வூட் மைதானத்துல மழைக்கு ஒதுங்கினா பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வரும்: பார்த்ததிலேயே பெரிய ஆட்டக்காரர் யார்? எங்களில் பாதிப்பேர் சங்கக்கார, மீதி மாலிங்க. முரளி பெயர் வந்ததும் சண்டை வேறு மாதிரி ஆகிவிடும்.

2010 ஜூலை 22, காலியில், தன் கடைசி டெஸ்ட்டின் கடைசிப் பந்தில் ஓஜாவை வீழ்த்தி அவர் 800ஐத் தொட்டபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். பார்த்ததெல்லாம் பிறகு போனில். அப்பாமார்தான் நேரடி ஒளிபரப்புச் சாட்சிகள். 1995 டிசம்பர் 26 மெல்பேர்னில் டெரல் ஹெயார் ஏழு தடவை 'நோ போல்' சொன்னதை இன்னும் கோபமாகச் சொல்வார்கள்.

"நம்ம ஆளு" என்பதில்தான் சிக்கல். தாத்தா இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர், சரி. முரளி வளர்ந்தது கண்டியில், பிஸ்கட் தொழில் செய்த குடும்பத்தில். படித்தது புனித அந்தோனியார் கல்லூரியில். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த மோடி எம்.ஜி.ஆரோடு சேர்த்து அவரையும் மலையகத்தின் கொடை என்றார். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனா லயத்துல வளர்ந்த எங்க கைக்கு லெதர் பந்து வந்ததே ஏ.எல். படிக்கும்போதுதான், அதுவரை டென்னிஸ் பந்து.

133 டெஸ்ட்டில் 800. வாக்கெடுப்பில் முரளிதான் வென்றார். மாலிங்க கட்சி இன்னும் மறு எண்ணிக்கை கேட்கிறது.