படையைக் கலைத்த நாடு

ஒரு நாட்டின் பாதுகாப்பு அதன் படைபலத்திலேயே தங்கியுள்ளது என்பது மரபுவழிச் சிந்தனை. அரசனுக்குரிய ஆறு அங்கங்களைக் கூறப் புகுந்த வள்ளுவரும் படையையே முதலில் வைத்தார். நெடுங்காலம் போர்ச் செய்திகளோடு வாழ்ந்த பத்திரிகையாளனான எனக்கு, இச்சிந்தனைக்கு மாறாக நடந்து பார்த்த கொஸ்ரா ரிக்காவின் வரலாறு அடிக்கடி நினைவுக்கு வரும்.

மத்திய அமெரிக்காவின் இச்சிறு நாட்டில், 1948இல் 44 நாட்கள் நீடித்த உள்நாட்டுப் போரில் வென்றவர் ஹொசே பிகெரஸ். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் திகதி, தலைநகரிலிருந்த பெல்லாவிஸ்தா படைமுகாமின் சுவரைச் சம்மட்டியால் அடித்து, இராணுவம் கலைக்கப்படுவதாக அவர் அறிவித்தார். அம்முகாம் பின்னர் தேசிய அருங்காட்சியகமாயிற்று. 1949ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு நிரந்தர இராணுவத்தைத் தடைசெய்தது.

ஆபத்து வரவில்லையா? வந்தது. அதே மாதத்திலேயே நிக்கரகுவாவிலிருந்து ஆயுததாரிகள் ஊடுருவினர், 1955இலும் ஊடுருவினர். இருமுறையும் அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட்டது. 1955இல் ஐக்கிய அமெரிக்கா நான்கு போர் விமானங்களைத் தலா ஒரு டொலருக்கு விற்றது. ஆகவே, படைபலமே இன்றி அந்நாடு தப்பியது என்பது முழு உண்மையன்று. பிறர் பலத்தின் நிழலும் அதற்குத் தேவைப்பட்டது.

ஆயினும், 1963இல் குவாத்தமாலாவிலும் ஹொண்டுராசிலும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. கொஸ்ரா ரிக்காவிலோ 1953 முதல் ஜனாதிபதித் தேர்தல்கள் இடையறாது நடந்துவருகின்றன.

பகைவனிடமிருந்து காக்கவென அமைத்த படையிடமிருந்து மக்களைக் காப்பது யார்? மரபுவழிச் சிந்தனை கேட்க மறக்கும் கேள்வி இது. ஆயுதத்தால் ஆட்சியைப் பிடித்த ஒருவரே அதைக் கேட்டார் என்பதுதான் என்னைச் சிந்திக்க வைக்கிறது.