பிளாண்டர்ஸ் அச்சோவியங்களில் நாட்டுப்புற வாழ்க்கை

அறுவடை, ஊர்த்திருவிழா, அடுக்களை, சாலையோரக் குடிசை போன்ற உழவர் வாழ்க்கைக் காட்சிகளைச் செப்புத்தகட்டில் பொறித்து அச்சிடும் மரபு, 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட்வெர்ப் நகரில் செழித்தது. அதற்கு முன் இக்காட்சிகள் பெரும்பாலும் வழிபாட்டு நூல்களின் நாட்காட்டிப் பக்கங்களில் மாதத் தொழில்களாக இடம்பெற்றன.

ஹியரோனிமஸ் காக் என்பவர் 1548 அளவில் இந்நகரில் ‘நான்கு காற்றுகள்’ என்ற அச்சோவியப் பதிப்பகத்தைத் தொடங்கினார். ஓவியர் வரைந்து கொடுப்பதைச் செதுக்குநர் தகட்டில் ஏற்ற, பதிப்பாளர் அச்சிட்டு விற்றார். இங்கு 1559, 1561 ஆண்டுகளில் வெளிவந்த ‘சிறு நிலக்காட்சிகள்’ 44 படங்களைக் கொண்டவை. கூரை சரிந்த குடிசைகள், வேலிகள், குளக்கரைகள் தவிர அவற்றில் பெரிதாக எதுவும் நிகழ்வதில்லை. அதுவே அவற்றின் புதுமை. வரைந்தவர் பெயர் முதல் பதிப்பில் இல்லை. 1601 மறுபதிப்பு கார்னெலிஸ் கார்ட் என்றும், ஆம்ஸ்டர்டாமில் 1612இல் வெளிவந்த நகல் பதிப்பு புரூகல் என்றும் குறித்தன. இரண்டையுமே இன்றைய அறிஞர்கள் பொதுவாக ஏற்பதில்லை. யூஸ் வான் லீரே உட்பட வேறு பெயர்களும் முன்வைக்கப்பட்டுள்ளன.

மூத்த பீட்டர் புரூகல் காக்குக்குப் பல படங்கள் வரைந்து கொடுத்தார். தகட்டில் தாமே பொறித்ததாக அறியப்படுவது 1560இன் ‘முயல் வேட்டை’ மட்டுமே. 1563இல் வெளிவந்த இணைப்படங்களுள் ‘கொழுத்த அடுக்களை’யிலிருந்து ஒல்லியான பைக்குழல் கலைஞன் துரத்தப்படுகிறான், ‘மெலிந்த அடுக்களை’யில் இருப்பவர்கள் உள்ளே இழுக்க, பருத்தவன் திமிறி ஓடப் பார்க்கிறான். பருவங்களின் தொகுதிக்காக 1568இல் வரைந்த ‘கோடை’யில் ஓர் உழவன் பெரிய குடத்தைத் தூக்கிக் குடிக்கிறான், அவன் காலும் அரிவாளும் சட்டகக் கோட்டைத் தாண்டி, படத்துக்கு அடியிலுள்ள எழுத்துப் பட்டைக்குள் நீண்டு கிடக்கின்றன. புரூகல் 1569இல் இறந்ததால், எஞ்சிய இலையுதிர்காலம், குளிர்காலம் இரண்டையும் ஹன்ஸ் போல் வரைந்து தர, அத்தொகுதி 1570இல் வெளிவந்தது. இப்படங்கள் உழவரை எள்ளுகின்றனவா, பரிவோடு காண்கின்றனவா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. புரூகல் வரைந்த ‘ஹோபோகன் திருவிழா’ அச்சோவியத்தின் கீழுள்ள வாசகம் ஏளனத் தொனி கொண்டது, ஆனால் அது ஓவியரின் கருத்துதானா என்பது வேறு கேள்வி.

காக் 1570இல் இறந்தபின், மனைவி ஃபோல்க்ஸ்கன் டீரிக்ஸ் 1600 வரை பதிப்பகத்தை நடத்தினார். ஸ்பானியப் படை 1585இல் ஆண்ட்வெர்ப்பைக் கைப்பற்றியதும் கலைஞர் பலர் வடக்கே குடிபெயர, இம்மரபு ஹாலந்திலும் வேரூன்றியது. 17ஆம் நூற்றாண்டில் அட்ரியன் புரவர், இளைய டேவிட் டெனியர்ஸ் ஆகியோரின் மதுக்கடைக் காட்சிகள் அச்சில் பரவின. டெனியர்ஸ் தம் கையால் பொறித்தவை எவை என்பது உறுதிப்படவில்லை.

பிற்காலத்தில் யாகோப் ஸ்மிட்ஸ் (1855–1928) கெம்பன் பகுதி உழவர்களைச் செப்புத்தகட்டில் பொறித்தார். காக்கின் வெளியீடுகள் பற்றிய கண்காட்சி 2013இல் லூவன், பாரிஸ் நகரங்களில் நடந்தது.