உத்தரமேரூர்ச் சபையும் சுற்றப் பற்றும்

பொதுப் பொருளைக் கையாள்வோர் அதனைத் தமதாக்கிக் கொள்ளாவண்ணம் தடுக்கும் விதிகளை வகுத்தல் அரிதன்று. அவை பயன் தருமா என்பது, அவ்வூரார் எதனைக் கடமையெனக் கருதுகின்றனர் என்பதைப் பொறுத்தது. சுற்றந் தழுவுதலை அறமெனக் கொண்ட தமிழரிடையே, உறவினன் பிழையை மறைத்தலும் அவ்வறத்தின் பாற்பட்டதென எண்ணுதல் எளிது. இம்மனப்பான்மையை நன்கறிந்தோர் வகுத்த விதியொன்றினைக் காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூர்க் கல்வெட்டிற் காண்கின்றோம்.

முதற் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919 அளவில் இவ்வூர்ப் பிராமண சபையார் வாரியத் தேர்தலுக்கு ஒழுங்கு செய்தனர். ஈராண்டுகளுள் அதனைத் திருத்தவும் நேர்ந்தது. 30 குடும்புகள், குடத்திலிட்ட ஓலைகள், ஏதுமறியாச் சிறுவன் ஓலை எடுத்தல், மத்தியஸ்தன் ஐவிரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்றல் ஆகியன மாணவர் அறிந்தனவே. பாடநூல்கள் விரைந்து கடந்துபோகும் பகுதி வேறொன்றுண்டு. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியம் பெறலாகாது. அவன் மட்டுமோ? அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், சிறிய தாய் பெரிய தாய் மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன் எனச் சுற்றமும் விலக்கப்பட்டது. கல்லிற் பொறித்தல் எளிதன்றாயினும், ஒவ்வோர் உறவையும் தனித்தனியே சுட்டினர். ‘உறவினர்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியிருப்பின், “யான் அவனுக்கு அத்துணை நெருங்கியவனல்லேன்” என வழக்காடுவோர் பலர் தோன்றியிருப்பர் போலும்!

சபையார் சுற்றப் பற்றைப் பழித்துரைத்திலர்; அதனையே காவலாக்கினர் என்பது எம் கருத்து. கணக்கை மறைப்பவன் தன் மகனுக்கும் மருமகனுக்கும் கிடைக்கக்கூடிய வாரியத்தைக் கெடுக்கின்றான். ஆகவே, பிறர் கேட்கு முன்னர் வீட்டாரே அவனிடம் கணக்குக் கேட்டிருத்தல் கூடும். ஆயின், மாமன் பிழைக்காகக் குற்றமற்ற மருமகன் உரிமையிழத்தல் முறையோ? இன்றைய நீதியுணர்ச்சி இதனை ஏலாது. எமக்கும் அஃது உடன்பாடன்று.

மற்றொரு குறையும் உண்டு. வாரியம் பெறுவோனுக்குப் பொதுவாகக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டப்பட்டன. கணக்குக் கேட்டோரும் அவ்வகுப்பினரே. ஏரி வாரியத்தார் அறுவர் மேற்பார்த்த நீரைக் கொண்டு பயிரிட்ட உழவருக்கு அச்சபையில் இடமிருந்ததாகக் கல்வெட்டுக் கூறவில்லை.